அமெரிக்க ராணுவ டிஸ்சார்ஜை உயர்த்திக் கேட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்கப் படையில் இருந்து வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் (விடுவிப்பு) பேப்பரில் ‘ஹானரபிள்’, அதாவது மரியாதையான விடுவிப்பு, என்று விழாமல் போனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. சட்ட உதவி மையம் ஒன்றில் வாரக் கடைசிகளில் இப்படிப்பட்ட மனுக்களுக்குக் காகிதம் அடுக்கிக் கொடுக்கும் தன்னார்வலன், அவ்வளவுதான். வருகிறவர்களில் பத்துக்கு எட்டு பேர் படிவத்தை முதல் நாளே நிரப்பிவிட்டு வந்து நிற்கிறார்கள். படிவம் கிட்டத்தட்ட கடைசியில் செய்ய வேண்டிய வேலை. வரிசை தப்பினால் ஒரு வருடம், சில நேரம் ஒரு வாய்ப்பே போய்விடுகிறது.

நம் ஆட்களுக்கு இது எதற்கு என்று கேட்டால்: 2008-இல் தொடங்கி 2016-இல் நின்றுபோன மாவ்னி திட்டத்தில் (தேவையான மொழியோ திறமையோ உள்ள வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த திட்டம்) ராணுவம் தேடிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. சேவை வழியாகக் குடியுரிமை வாங்கியவர் ஐந்து வருடம் நல்லபடியாக முடிக்காமல் ‘அதர் தேன் ஹானரபிள்’ என்று வெளியேறினால், அந்தக் குடியுரிமையையே ரத்து செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வேலை, படிப்பு, மருத்துவத்தோடு இது நின்றுவிடுவதில்லை.

1. கையில் இருக்கும் டிடி-214 எந்தப் பிரதி என்று பாருங்கள்

டிடி-214 என்பது படையை விட்டு வரும்போது கொடுக்கும் சேவைச் சான்று. இதில் சுருக்கப் பிரதி, முழுப் பிரதி என்று இரண்டு வகை உண்டு. ‘மெம்பர்-1’ என்று போட்டிருந்தால் அது சுருக்கப் பிரதி; டிஸ்சார்ஜ் எந்த வகை, என்ன காரணம் என்று சொல்லும் அடிப்பகுதி அதில் இருக்காது. ‘மெம்பர்-4’ பிரதிதான் உங்களுக்கு வேண்டும்.

ஒருவர் பத்து வருடமாகச் சுருக்கப் பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். தன்னுடையது ‘ஜெனரல்’ என்றே நம்பிக்கொண்டிருந்தார். முழுப் பிரதி வந்து 24-ஆம் கட்டத்தைப் பார்த்தபோதுதான் அது அதைவிட ஒரு படி கீழே என்று தெரிந்தது. அன்றைக்கு அவர் அதிகம் பேசவில்லை.

பார்க்க வேண்டிய கட்டங்கள் இவை. 12பி: வெளியேறிய தேதி. 24: டிஸ்சார்ஜ் வகை. 25: எந்த விதியின் கீழ் அனுப்பினார்கள். 26: மூன்றெழுத்துப் பிரிவுக் குறியீடு. 27: மறுபடி சேர முடியுமா என்று சொல்லும் ஆர்ஈ குறியீடு. 28: காரணம், எழுத்தில். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் ஒவ்வொரு முடிவும் இவற்றில் இருந்துதான் கிளம்பும்.

2. எது மாற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

வகைகள் மேலிருந்து கீழாக: ஹானரபிள், ஜெனரல், அதர் தேன் ஹானரபிள் (பேச்சில் ஓடிஹெச்), பேட் கண்டக்ட், டிஸ்ஹானரபிள். கடைசி இரண்டும் ராணுவ நீதிமன்றத் தண்டனையாக மட்டுமே வரும். ‘அன்கேரக்டரைஸ்டு’ என்று ஒன்றும் உண்டு. பயிற்சிக் காலத்திலேயே அனுப்பப்பட்டவர்களுக்கு அது. மாவ்னியில் சேர்ந்து பின்னணிச் சோதனையில் சிக்கி வெளியேற்றப்பட்ட பலரிடம் இருப்பது இதுதான்.

“ஒரு படி ஏறினால் போதும்” என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். போதுமா என்று முதலில் பாருங்கள். ஓடிஹெச்சில் இருந்து ஜெனரலுக்கு ஏறினால் விஏ (முன்னாள் வீரர் நலத்துறை) மருத்துவமும் ஊனத் தொகையும் பெரும்பாலும் திறக்கும். ஆனால் 9/11-க்குப் பிந்தைய ஜிஐ பில் படிப்புதவிக்கு ஹானரபிள்தான் வேண்டும், ஜெனரல் போதாது. படிப்புக்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால் மனுவில் ஹானரபிள் என்றே கேளுங்கள். வேண்டுமானால் “அது முடியாவிட்டால் ஜெனரல்” என்று இரண்டாவதாகச் சேர்க்கலாம்.

அப்புறம், 24-ஐ மட்டும் கேட்டுவிட்டு 26, 27, 28-ஐ மறந்துவிடுவது வழக்கமான தவறு. வகை ஹானரபிள் என்று மாறியும், கீழே ‘கடுமையான ஒழுங்கீனம்’ என்ற காரணமும் அதற்கான ‘ஜேகேக்யூ’ குறியீடும் அப்படியே கிடந்தால், வேலைக்கு எடுக்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். காரணத்தை ‘செக்ரட்டேரியல் அத்தாரிட்டி’ (குற்றம் எதையும் சுட்டாத பொதுக் காரணம்) என்றும், குறியீட்டை அதற்குரிய ‘ஜேஎஃப்எஃப்’ என்றும் மாற்றச் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததை வாரியம் தானாகக் கொடுக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆறு மாதம் கழித்தால் டிஸ்சார்ஜ் தானாக உயர்ந்துவிடும் என்று வெளியே அனுப்பும்போது யாரோ சொல்லியிருப்பார்கள். கிட்டத்தட்ட எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது.

3. எந்த வாரியம், எந்தப் படிவம்

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

வழி இரண்டு. ஒன்று டிஸ்சார்ஜ் ரிவ்யூ போர்டு, சுருக்கமாக டிஆர்பி. அதற்குப் படிவம் டிடி-293. வெளியேறிய தேதியில் இருந்து 15 வருடத்துக்குள் கேட்க வேண்டும், இந்தக் கெடு நீளாது. இன்னொன்று பதிவுத் திருத்த வாரியம். படிவம் டிடி-149. பிழையோ அநீதியோ தெரியவந்த நாளில் இருந்து மூன்று வருடம் என்று சட்டம் சொன்னாலும், நியாயத்துக்காக அந்தக் கெடுவைத் தள்ளி வைக்க அந்த வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. நல்ல காரணம் எழுதினால் தள்ளியும் வைக்கிறார்கள்.

15 வருடம் முடியவில்லையா? டிஆர்பிக்குத்தான் முதலில் போக வேண்டும். நேராகத் திருத்த வாரியத்துக்கு அனுப்பினால், கீழே இருக்கும் வழியை முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படித் திரும்பி வந்த கட்டுகளைப் பார்த்திருக்கிறேன், மாதக் கணக்கில் காத்திருந்த பிறகு.

விதிவிலக்கு ஒன்று: ஜெனரல் கோர்ட் மார்ஷல் (பெரிய குற்றங்களுக்கான ராணுவ நீதிமன்றம்) தண்டனையாக வந்த டிஸ்சார்ஜை டிஆர்பி தொடவே முடியாது. அது நேராகத் திருத்த வாரியத்துக்கு, அங்கேயும் தண்டனைக் குறைப்பாக மட்டும்தான். ஸ்பெஷல் கோர்ட் மார்ஷல் (அதற்கு அடுத்த நிலை) என்றால் டிஆர்பி பார்க்கும், ஆனால் அங்கேயும் தீர்ப்பு சரியா தப்பா என்று கிளற மாட்டார்கள். கருணை காட்டலாமா என்பது மட்டும்தான் கேள்வி.

மருத்துவ ஓய்வு, சம்பள பாக்கி, பதவி இறக்கத்தை நீக்குவது போன்றவை வேண்டும் என்றால் அதைத் தருகிற அதிகாரம் திருத்த வாரியத்துக்குத்தான். டிஆர்பியிடம் அதைக் கேட்டுப் பக்கத்தை வீணாக்காதீர்கள்.

தரைப்படைக்குத் தனி வாரியங்கள். கடற்படைக்கும் மரீன்களுக்கும் சேர்த்து ஒன்று, விமானப்படைக்கும் ஸ்பேஸ் ஃபோர்ஸுக்கும் சேர்த்து ஒன்று, கடலோரக் காவல்படைக்கு வேறு. முகவரி படிவத்தின் பின்பக்கத்திலேயே இருக்கும். அன்று இறக்கிய புதிய படிவத்தில் இருந்து எடுங்கள், நண்பர் கொடுத்த பழைய நகலில் இருந்து வேண்டாம்.

4. பழைய கோப்பை முழுதாக வரவழையுங்கள்

படிவம் எஸ்எஃப்-180. போக வேண்டிய இடம் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் இருக்கும் தேசியப் பணியாளர் பதிவு மையம். காகிதத்திலும் அனுப்பலாம், இணையத்திலும் கேட்கலாம். முன்னாள் வீரருக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. டிடி-214 மட்டும் என்று கேட்காதீர்கள். பணிக் கோப்பு முழுவதும், வெளியேற்றும்போது தயாரித்த செப்பரேஷன் பாக்கெட், சிகிச்சைக் குறிப்புகள் என்று மூன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். பெயர் சொல்லாவிட்டால் இரண்டு தாள் வரும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், வாரியம் அந்தக் கோப்பை வைத்துக்கொண்டுதான் உங்கள் மனுவைப் படிக்கும். அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதினால் நீங்கள் ஒன்று சொல்வீர்கள், கோப்பு வேறொன்று சொல்லும். “நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை” என்று எழுதுவார்கள், பாக்கெட்டின் நாலாவது பக்கத்தில் கையெழுத்து இருக்கும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதிய மற்ற எதையும் யார் நம்புவார்கள்?

தரைப்படையில் நிறையப் பேருடைய பாக்கெட்டில் ‘சாப்டர் 10’ என்று இருக்கும். ராணுவ நீதிமன்றத்தைத் தவிர்ப்பதற்காகத் தாங்களே வெளியேறக் கேட்டதாக எழுதிய தாள் அது. இருபது வயதில், மன அழுத்தத்தில், அரை மணி நேரம் மட்டும் வக்கீலோடு பேசிவிட்டுப் போட்ட கையெழுத்தாகவே அது இருக்கட்டும், மறைக்காதீர்கள். எந்தச் சூழலில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

சில காகிதங்கள் அந்தக் கோப்பில் இருக்காது. 1990-களுக்குப் பிறகு வெளியேறியவர்களின் சிகிச்சைக் குறிப்புகள் பெரும்பாலும் விஏ-விடம் போயிருக்கும். மனநலச் சிகிச்சைக்காக ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்தப் பதிவுக்கு மருத்துவமனைப் பெயரும் வருடமும் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். பாலியல் தாக்குதல் புகார் கொடுத்திருந்தால் விசாரணை அறிக்கை தகவல் உரிமைக் கோரிக்கையில்தான் வரும்.

பெரியவர் ஒருவருக்காகவோ இறந்துபோன அப்பாவுக்காகவோ கேட்கிறீர்கள் என்றால் இன்னொன்று. 1973 ஜூலை 12 அன்று அந்த மையத்தில் பிடித்த தீயில் 1912 முதல் 1960 வரை வெளியேறிய தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எரிந்துபோனது. விமானப்படையினருடையதும் ஒரு பெரும் பங்கு போனது. “பதிவு இல்லை” என்று பதில் வந்தால் கதை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சம்பளச் சீட்டு, பிரிவுப் பட்டியல் போன்ற மாற்று ஆவணங்களில் இருந்து மீட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

5. காத்திருக்கும் நேரத்தில் விஏ கதவைத் தட்டுங்கள்

இதைத் தனிப் படியாக வைக்கக் காரணம் உண்டு. டிஸ்சார்ஜ் உயரும் வரை விஏ பக்கமே போகக்கூடாது என்று நினைத்து வருடக் கணக்கில் மருந்தில்லாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் சேவை விஏ கண்ணில் எப்படிப்பட்டது என்று விஏ தனியாக ஒரு முடிவு எடுக்கும், அது ராணுவ வாரியத்தின் முடிவுக்குக் கட்டுப்பட்டதல்ல. ஓடிஹெச் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இதற்கான விதிகளை விஏ 2024 ஜூனில் தளர்த்தியது. போரில் பட்டது, மனநலம், துன்புறுத்தல் போன்ற சூழல்களை எடைபோட இப்போது இடம் கூடியிருக்கிறது. கவுண்டரில் “உங்களுக்குத் தகுதியில்லை” என்று வாயால் சொல்லி அனுப்பினால் திரும்பி வராதீர்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு எழுத்தில் முடிவு தரச் சொல்லுங்கள்.

மனது மிகவும் இருண்டு போயிருக்கிறது என்றால் இதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு நெருக்கடி உதவி எண் 988-ஐ அழைத்து, முன்னாள் வீரர்களுக்கான 1-ஐ அழுத்துங்கள். அதற்கு டிஸ்சார்ஜ் வகை யாரும் கேட்பதில்லை.

வழக்குக்கும் இது உதவும். இன்றைக்கு விஏ மருத்துவர் எழுதும் நோய்க் குறிப்பு நாளை வாரியத்தின் மேசைக்குப் போகும் முக்கியமான சான்று.

6. உங்கள் வாதம் எது?

டிஆர்பி இரண்டு அளவுகோல் வைத்திருக்கிறது. வெளியேற்றியதில் சட்டப்படியோ நடைமுறைப்படியோ பிழை நடந்ததா என்பது ஒன்று. பிழை இல்லாவிட்டாலும் நியாயமாக இருந்ததா என்பது மற்றொன்று. திருத்த வாரியம் இதையே பிழை, அநீதி என்று பார்க்கும். எங்கே போனாலும் ராணுவம் செய்தது சரிதான் என்ற ஊகத்தில் இருந்துதான் தொடங்குவார்கள், அதை உடைக்க வேண்டியது நீங்கள்.

இப்போது பல மனுக்கள் நிற்பது மனநல வாதத்தின் மேல். பிடிஎஸ்டி (அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநலக் கோளாறு), மூளைக் காயம், பாலியல் தாக்குதல் அல்லது தொல்லை, வேறு மனநலக் கோளாறு, இவற்றில் ஏதாவது சம்பந்தப்பட்டிருந்தால் வாரியம் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று பென்டகன் 2014-இல் ஹேகல் குறிப்பாணையில் தொடங்கி, 2017 ஆகஸ்ட் 25 தேதியிட்ட கர்ட்டா குறிப்பாணையில் விரிவாகச் சொன்னது. கர்ட்டா நான்கு கேள்விகளை வைக்கிறது. நடந்த தவறுக்கு விளக்கமாகக்கூடிய நோயோ அனுபவமோ இருந்ததா? அது சேவைக் காலத்தில் இருந்ததா? அது உண்மையிலேயே அந்தத் தவறின் கனத்தைக் குறைக்கிறதா? கடைசியாக, டிஸ்சார்ஜுக்குக் காரணமான தவறைவிட அதன் எடை அதிகமா?

முதல் இரண்டுக்கும் பதில் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். “எனக்குப் பிடிஎஸ்டி இருக்கிறது, இதோ சான்றிதழ்.” சரி, ஆனால் சொல்லாமல் முகாமை விட்டுப் போனதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? மூன்றாவது கேள்வியில்தான் மனு ஜெயிக்கிறது அல்லது தோற்கிறது. கூட்டத்தைப் பார்த்தாலே மூச்சு முட்டியது, பரேடு நாட்களில்தான் காணாமல் போனேன் என்று கோத்துக் காட்டினால் அது தொடர்பு. சிப்பாயிடம் திருடியது, மனைவியை அடித்தது போன்றவற்றை அப்படி எளிதில் கோக்க முடியாது. அங்கே நாலாவது கேள்வி கனமாக உட்காரும், நேர்மையாக எதிர்கொள்ளுங்கள்.

மனநலம் சம்பந்தமே இல்லாதவர்களுக்கு 2018 ஜூலை 25 தேதியிட்ட வில்க்கி குறிப்பாணை இருக்கிறது. எத்தனை வருடம் ஆயிற்று, அதற்குப் பிறகு எப்படி வாழ்ந்தார், வருந்துகிறாரா, இதே தவறுக்கு இன்றைக்கு இவ்வளவு கடுமை காட்டுவார்களா என்றெல்லாம் எடைபோடச் சொல்கிறது. ஓரினச் சேர்க்கையாளர் என்பதற்காக மட்டும் வெளியேற்றப்பட்டவர்களுக்கு வழி இன்னும் நேர்: அந்தக் கொள்கை 2011 செப்டம்பர் 20-இல் நீங்கியது, அதே நேரத்தில் வந்த வழிகாட்டுதல்படி, வேறு மோசமான காரணம் கோப்பில் இல்லை என்றால் வகை, காரணம், ஆர்ஈ குறியீடு எல்லாவற்றையும் மாற்றக் கேட்கலாம்.

இந்த வாரியங்களின் பழைய முடிவுகள் பெயர் நீக்கி இணையத்தில் பொது வாசிப்பறையில் கிடக்கின்றன. உங்கள் படைப்பிரிவு, உங்கள் மாதிரி தவறு, உங்கள் மாதிரி நோய் என்று தேடி ஐந்தாறு முடிவுகளைப் படியுங்கள், முக்கியமாகத் தோற்றவற்றை. வாரியம் எந்த இடத்தில் நம்ப மறுத்தது என்று அவர்களே எழுதியிருப்பார்கள். எந்த வழிகாட்டியைவிடவும், இதையும் சேர்த்துத்தான், அது அதிகம் கற்றுத் தரும்.

7. சான்றுகளைச் சேருங்கள்

மருத்துவர் கடிதம் ஒன்று. அதில் நோயின் பெயர் மட்டும் போதாது. சேவைக் காலத்திலேயே இருந்திருக்க வாய்ப்பு எவ்வளவு, அந்த நடத்தைக்கு அது எப்படிக் காரணமாகியிருக்கும் என்ற இரண்டும் வேண்டும். மருத்துவருக்கு இது தெரியாது. கர்ட்டாவின் நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி உங்கள் கோப்போடு அவரிடம் கொடுங்கள்.

கூடப் பணியாற்றியவர்களின் கடிதங்கள் இரண்டு மூன்று. “நல்ல மனிதர், கடின உழைப்பாளி” என்று பத்துப் பேர் எழுதுவதைவிட, “திரும்பி வந்த பிறகு இரவில் தூங்காமல் கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பான், முன்னால் அப்படி இல்லை” என்று பார்த்ததை ஒருவர் எழுதுவது மேல். பார்த்தது, எப்போது, எங்கே. இது மூன்றும் இருக்க வேண்டும்.

குடும்பத்தார் கடிதத்துக்கும் மதிப்பு உண்டு. ஒரு அம்மா மதுரையில் இருந்து தமிழில் எழுதி அனுப்பினார்: லீவில் வந்த பையன் தீபாவளி அன்று வெடிச் சத்தத்துக்குக் குளியலறையில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான், பலகாரத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தேன் என்று. மகன் அதைச் சேர்க்கவே கூச்சப்பட்டார். சேர்த்தோம். இப்படித் தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியோடு, மூலத்தையும் சேர்த்து வையுங்கள். அம்மாவை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லாதீர்கள், வேறு யாரோ எழுதிக் கொடுத்ததாகத்தான் தெரியும்.

பாலியல் தாக்குதலுக்கு அன்று புகார் கொடுக்கவில்லை என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம். திடீரென்று இடமாற்றம் கேட்டது, மதிப்பீடு சரிந்தது, கர்ப்பப் பரிசோதனை, உறவுகள் முறிந்தது எல்லாமே சான்றாக எடுத்துக்கொள்ளப்படும்.

பிறகு வெளியே வந்த பின் வாழ்க்கை: படிப்பு, வேலை, வரி, தன்னார்வப் பணி, குடியை விட்டது. போலீஸ் பதிவு ஏதாவது இருந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

8. உங்கள் வாக்குமூலம்

மொத்தக் கட்டிலும் இதுதான் அதிக நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

முதல் வரைவு எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறது: “சார்ஜென்ட்டுக்கு என்னைப் பிடிக்காது. எல்லோரும்தான் புகைத்தார்கள், என்னை மட்டும் பிடித்தார்கள். என் வாழ்க்கையே நாசமாகிவிட்டது.” இதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் படிக்கிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

அதே ஆள், கோப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது முறை எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது: “காந்தஹாரில் இருந்து திரும்பும் வரை என் மேல் ஒரு குற்றமும் இல்லை, இணைப்பு 3. திரும்பிய ஏழாவது வாரத்தில் முதல் ஆர்ட்டிகிள் 15 (மேலதிகாரி தரும் ஒழுங்குத் தண்டனை), வேலைக்குத் தாமதம். அப்போது இரவு இரண்டு மணி நேரம்தான் தூங்கினேன். மருத்துவரிடம் சொன்னது இணைப்பு 5-இல் இருக்கிறது. தூங்குவதற்காகக் கஞ்சா புகைத்தேன். அது தவறு என்று தெரிந்தேதான் செய்தேன்.” கடைசி வாக்கியத்தை எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தவறை ஒப்புக்கொள்கிறவரின் மற்ற வாக்கியங்களையும் நம்பத் தோன்றும்.

தேதி வரிசையில் எழுதுங்கள். சேருவதற்கு முன், சேவை, நடந்தது, வெளியேற்றம், இன்று. மூன்று பக்கம் போதும், ஐந்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு முக்கியத் தகவலுக்கும் இணைப்பு எண் கொடுங்கள். ‘பழிவாங்கல்’ என்ற சொல்லை நிரூபிக்கத் தாள் இருந்தால் மட்டும் போடுங்கள்.

ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ராணுவ அறிக்கை மாதிரி விறைப்பாக வருகிறது என்றால், முதலில் தமிழிலேயே யாரிடமாவது சொல்லி போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாயில் வருவது பல நேரம் பேனாவில் வருவதில்லை.

9. இப்போது படிவம்

வாக்குமூலத்தில் இருந்து எடுத்துப் படிவத்தை நிரப்பினால் ஒரு மணி நேர வேலை. “ஏன் மாற்ற வேண்டும்” என்ற கட்டத்தில் மூன்று நாலு வரி எழுதி, “இணைப்பைப் பார்க்க” என்று முடியுங்கள். டிடி-149-இல் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். நோய், சட்ட உதவி கிடைக்காதது, கர்ட்டா குறிப்பாணை அப்போது இல்லாதது, எது உண்மையோ அதை எழுதுங்கள்.

டிடி-293-இல் ஆவணப் பரிசீலனையா, நேர்முக விசாரணையா என்று கேட்பார்கள். ஆவணப் பரிசீலனையை முதலில் எடுத்துத் தோற்றால், 15 வருடத்துக்குள் விசாரணையும் கேட்கலாம். விசாரணையை முதலில் எடுத்துத் தோற்றால் பின்னால் போக முடியாது. அதனால் கெடு நிறைய மீதி இருப்பவர்களுக்கு ஆவணம் முதலில், விசாரணை பிறகு என்பது இரண்டு வாய்ப்பு. கெடு முடியப் போகிறது என்றால் நேரே விசாரணை.

கையெழுத்து, தேதி. சிரிக்காதீர்கள், கையெழுத்தில்லாமல் திரும்பி வருவது உண்டு. இறந்தவருக்காக மனைவியோ பிள்ளையோ கேட்டால் இறப்புச் சான்றும் உறவுக்கான சான்றும் வேண்டும்.

மேலே இணைப்புப் பட்டியல், ஒவ்வொரு பக்கத்துக்கும் எண், மூலத்தை வைத்துக்கொண்டு நகல் மட்டும் அனுப்புங்கள். தபாலில் போட்டால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்தால் உறுதியாக மாற்றித் தருகிறோம் என்கிறவர்களிடம் போகாதீர்கள். அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் வீரர் சங்கங்களும் சட்டக் கல்லூரி உதவி மையங்களும் இலவசமாகவே பார்க்கின்றன. அவர்களிடம் 9-ஆம் படியில் போவதைவிட 4-ஆம் படியில் போனால் உங்கள் மனுவை எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

10. அனுப்பிய பிறகு

ஒரு வருடம், அதற்கு மேலும் ஆகும். வீடு மாறினால் வாரியத்துக்கு உடனே எழுதுங்கள்.

திருத்த வாரியத்தில் நடுவில் ஒரு கடிதம் வரலாம்: அவர்களுடைய மருத்துவரோ சட்ட அதிகாரியோ உங்கள் மனுவைப் பற்றி எழுதிய கருத்து. பதில் சொல்ல நாள் கெடு போட்டிருக்கும். இதைத் தீர்ப்பு என்று நினைத்து மனமுடைந்து மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். அது தீர்ப்பு இல்லை. பதில் எழுதாவிட்டால் அந்தக் கருத்தே தீர்ப்பாகிவிடும் வாய்ப்பு அதிகம்.

நேர்முக விசாரணை இப்போது பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. நேரில் போனால் செலவு உங்களுடையது. சொல்லாமல் வராமல் இருந்துவிட்டால் விசாரணைக்கான உரிமையே போய்விடும். உறுப்பினர்கள் சுற்றி வளைக்காமல் கேட்பார்கள்: “அன்று என்ன நடந்தது? இன்று இருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?” இந்த இரண்டுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லிப் பழகுங்கள், கண்ணாடி முன் இல்லை, மனிதர் முன். டிஆர்பி உங்கள் டிஸ்சார்ஜை இருப்பதைவிடக் கீழே இறக்காது, அந்தப் பயம் வேண்டாம்.

11. மறுத்தால்

காரணத்தோடு எழுத்தில் முடிவு வரும். அன்றைக்கே படிக்க வேண்டாம் என்றால் படிக்காதீர்கள், ஆனால் ஒரு வாரத்தில் படியுங்கள். எந்தச் சான்று போதவில்லை என்று சொல்லியிருப்பார்கள். அடுத்த மனு அதில் இருந்துதான் தொடங்கும்.

டிஆர்பி ஆவணத்தில் மறுத்தால் விசாரணை. அங்கேயும் மறுத்தால் டிடி-149 வழியாகத் திருத்த வாரியம். அங்கேயும் மறுத்தால், முன்பு காட்டாத புதிய சான்று இருக்கும்போது மறுபரிசீலனை கேட்கலாம், எத்தனை காலம் கழித்தும். பழைய மனுவையே மறுபடி அனுப்பினால் பிரிக்காமலே திரும்பும். 2019 டிசம்பர் 20 அன்றும் அதற்குப் பிறகும் வெளியேறியவர்களுக்கு, இந்த இரண்டு வாரியங்களையும் முடித்த பின் டிஸ்சார்ஜ் அப்பீல் ரிவ்யூ போர்டு என்று இன்னொரு படி உண்டு. அதற்கு மேல் ஃபெடரல் நீதிமன்றம். அதற்கு வக்கீல் இல்லாமல் போகாதீர்கள்.

12. கிடைத்தால்

புதிய டிடி-214 வரும். 24, 26, 27, 28 நான்கையும் நீங்கள் கேட்டதோடு ஒப்பிடுங்கள். வகை மாறிக் குறியீடு மாறாமல் வந்த பிரதியைப் பார்த்திருக்கிறேன்; உடனே எழுதித் திருத்தக் கேளுங்கள்.

விஏ தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. புதிய பிரதியோடு மறுபடி விண்ணப்பியுங்கள். ஒரு நுணுக்கம்: தொடர்ந்து 180 நாளோ அதற்கு மேலோ சொல்லாமல் போனதற்காக ஓடிஹெச் வாங்கியவருக்கு விஏ சலுகைகளில் சட்டத் தடை உண்டு. அந்தத் தடையை டிஆர்பி கொடுத்த உயர்வு நீக்காது, திருத்த வாரியம் கொடுத்த உயர்வு நீக்கும். அப்படிப்பட்டவர்கள் டிஆர்பியில் ஜெயித்த பிறகும் டிடி-149-ஐ அனுப்ப வேண்டியிருக்கும்.

கடைசியாக, வெளியேறிய காலத்தில் பழைய டிடி-214-ஐ உங்கள் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) பதிவு அலுவலகத்தில் பதிந்து வைத்திருந்தால், அது இன்னும் அங்கேதான் இருக்கும். அதை நீக்க முடியுமா என்று போய்க் கேளுங்கள், புதியதைப் பதிவு செய்வதற்கு முன் அந்தக் கவுண்டியில் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்க முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.